மேல்தட்டு ஈக்கள்

சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் சாரிடம் "புரியல" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் அந்தச் சொல் அதுவரை புழக்கத்தில் இல்லை. பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் ஒரு தனியார் கல்லூரி. அதன் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். சார், நான், புதிதாகச் சேர்ந்த அவள். மொத்தமே மூன்று பேர். வெள்ளிக்கிழமைதோறும் சார் வெள்ளைப் பலகையில் எதையாவது வரைந்து விளக்குவார். நான் இரண்டு வருடமாக அங்கே தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாதி புரியும். மீதியை வீட்டுக்குப் போய்ப் படித்துத் தெரிந்துகொள்வேன். புரியாத முகத்தை வெளியே காட்டினால் மார்க் போய்விடும் என்கிற பயம் பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு வந்தது.

அவள் கையைக்கூடத் தூக்கவில்லை. "சார், அந்த ரெண்டாவது அம்புக்குறிலேர்ந்தே எனக்குப் புரியல. திரும்பச் சொல்றீங்களா?" என்றாள்.

சார் திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்று பலகையை உற்றுப் பார்த்தார். "நானே தப்பா வரைஞ்சிருக்கேன்மா" என்று அம்பை அழித்துத் திருப்பிப் போட்டார். அந்தத் தப்பான படத்தை நான் அதற்குள் ஸ்கேல் வைத்து, இரண்டு நிறத்தில், என் நோட்டில் அழகாக வரைந்து முடித்திருந்தேன்.

எனக்கு எரிச்சல் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அவளுக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. கள்ளிக்குப்பத்தில் வீடு. அப்பா ஏசி மெக்கானிக். என்னை "அக்கா" என்பாள். சாரிடமும் கல்லூரி முதல்வரிடமும் ஓரளவுக்கு அடக்கிப் பேசுவாள். என்னோடு இருக்கும்போது அவள் தெருவின் பேச்சு அப்படியே வரும். நான் ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். பத்தாவதிலிருந்து முதுகலை வரைக்கும் வகுப்பில் முதலாவது. அதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பது அவள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் வேலை செய்தது பழ ஈக்களோடு. வாழைப்பழம் கனிந்துவிட்டால் சமையலறையில் சுற்றிவருமே, அந்தப் பொடி ஈ. கண்ணாடி பாட்டில்களில் பஞ்சடைத்து வளர்ப்போம். ரவையும் வெல்லமும் ஈஸ்ட்டும் கடல்பாசியும் போட்டுக் கஞ்சி காய்ச்சி அதற்குச் சாப்பாடு. நான் காய்ச்சினால் ஒன்று தண்ணியாக நிற்கும், இல்லையென்றால் வெடித்துப் போகும். அவள் காய்ச்சினால் கேசரி மாதிரி பளபளவென்று உறையும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டால், "தெரிலக்கா, கரண்டிய வுட்டுக் கிண்டும்போது ஒரு கனம் வரும் பாருங்க, அப்ப நிறுத்திடுவேன்" என்பாள். அவள் எதையோ மறைக்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அம்மா வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறிக்கொண்டே, "அந்த ஈயப் புடிச்சு வச்சு என்னம்மா பண்ணுதிய?" என்று அவளைக் கேட்டாள். என்னிடமும் அம்மா இதைக் கேட்டதுண்டு. "உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "ஆன்ட்டி, ஊட்டுப் பத்திரம் ஒரிஜினல் லாக்கர்ல கீதுன்னு வெச்சிக்கோங்க. அத யாரும் தொட மாட்டாங்க. வேலைக்கு ஜெராக்ஸ் எடுத்துகினு போவோம் இல்ல? நம்ம உடம்புல டி.என்.ஏ. தான் ஒரிஜினல். ஆர்.என்.ஏ. ஜெராக்ஸ். மூளைக்குள்ள இன்னா நடக்குதுன்னா, ஜெராக்ஸ் எடுத்தப்புறம் அதுல ஒரே ஒரு எழுத்த மட்டும் மாத்திடுது. ஏ-ன்னு இருந்தது ஜி மாரி ஆயிடும். ஒரிஜினல் அப்டியேதான் கீது. ஆனா வேல நடக்கறது ஜெராக்ஸ வெச்சித்தான?"

"ஆமா."

"அப்ப புதுசா ஒண்ணு கத்துக்கும்போது இந்த மாத்துற வேல ஏறுதா, எறங்குதா? கத்துக்கினது மனசுல நிக்கிறதுக்கு இது ஒதவுதா? அதான் ஈய வெச்சிப் பாக்குறோம். இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது ஆன்ட்டி. எனக்கும் தெரியாது."

அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "ஏட்டீ, ரெண்டு வருசத்துல நீ ஒரு நாளாவது எங்கிட்ட இப்படிச் சொன்னியா?" என்றாள். சட்டியில் மிச்சமிருந்த நடுத்துண்டு அவள் தட்டுக்குப் போனது. அவள் அதை முள் எடுத்துச் சாப்பிட்ட விதத்தையும் அம்மா பாராட்டினாள்.

ஈக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கேட்பார்கள். ஆண் ஈ பெண் ஈயைக் கண்டால் பின்னாலேயே போகும். ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து அதிரவைக்கும். அதுதான் அதன் பாட்டு. ஏற்கெனவே கூடிவிட்ட பெண் ஈயோடு ஆணை ஒரு மணி நேரம் அடைத்துவைத்தால், அந்தப் பெண் ஈ ஆணை விரட்டிக்கொண்டே இருக்கும், உதைக்கும். அதற்குப் பிறகு அந்த ஆணை வேறொரு பெண்ணிடம் விட்டாலும் முன்போல ஆர்வமாகப் பின்னால் போகாது. உதை வாங்கியது நினைவில் இருக்கிறது என்று பொருள். எவ்வளவு நேரம் பின்னால் போகிறது என்பதை ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்போம். "பாவம்க்கா, படிச்சிட்டான்" என்பாள் அவள், உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படி மூன்று வாரம் அளந்தபிறகு ஒருநாள் சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், மூணு வாரமும் தப்பு. சிறகத் தொடச்சிக்கிறத நான் பாட்டு பாடுறதுன்னு சேத்துட்டேன். இன்னிக்குத்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. எல்லாத்தையும் எடுத்துட்டு முதல்லேர்ந்து செய்றேன்."

திட்டு விழும் என்று நான் கை வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல வேளை சொன்னே" என்றார். அவ்வளவுதான்.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அடுத்த வாரத்திலிருந்து சரியாக எண்ணத் தொடங்கியிருப்பேன். போன மூன்று வாரத்தைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டேன். என் நோட்டுகளில் அப்படி மூச்சு விடாத பக்கங்கள் உண்டு. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போன பிறகு ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்து மூடிவைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு அவளுடைய கோயிலுக்குக் கூப்பிட்டாள். பாடகர் குழுவில் இருந்தாள். ஒரு பாட்டில் நாலு வரி அவள் தனியாகப் பாட வேண்டும். இரண்டாவது வரியில் சுருதி விலகிவிட்டது. எனக்கே தெரிந்தது. ஆர்கன் வாசித்தவர் சமாளித்துக்கொண்டு போகப் பார்த்தார். அவளோ பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கிலேயே, "மன்னிச்சிக்கோங்க, இன்னொரு வாட்டி" என்றாள். கோயில் முழுக்கச் சின்னதாக ஒரு சிரிப்பு பரவி அடங்கியது. திரும்பப் பாடினாள். எனக்குப் பக்கத்திலிருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுருதி விலகாமலே பாடி முடித்திருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். வெளியே கேக் கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

அவளிடம் குறை இல்லாமல் இல்லை. தினமும் தாமதமாக வருவாள். சொட்டு அளக்கும் பிப்பெட்டை எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள். கோபம் வந்தால் பஞ்சு அடைப்பான்களைத் தூக்கி எறிவாள். இவையெல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்திருந்தேன்.

பிறகு அந்த முடிவு வந்தது.

ஈக்களின் தலைகளிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து எழுத்து எழுத்தாகப் படிக்க வெளியே அனுப்புவோம். திரும்பி வருவது ஒரு வரைபடம். மலைத்தொடர் மாதிரி வண்ண வண்ண முகடுகள். பச்சை முகடு என்றால் ஏ. கறுப்பு முகடு என்றால் ஜி. ஒரே இடத்தில் பச்சையும் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்திருந்தால், சில நகல்களில் எழுத்து மாறியிருக்கிறது, சிலவற்றில் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நரம்பணுக்களில் வேலை செய்யும் ஒரு மரபணுவில், இதுவரை யாரும் சொல்லாத ஓரிடத்தில், அவள் அந்த இரட்டை முகட்டைப் பார்த்தாள். உதை வாங்கிப் படித்த ஈக்களில் கறுப்பு முகடு உயரமாக இருந்தது. படிக்காத ஈக்களில் குட்டையாக இருந்தது. மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் அப்படித்தான்.

சார் அன்று எங்கள் இருவருக்கும் கேன்டீனிலிருந்து வடை வரவழைத்தார். "ஆறு வருஷமா நான் தேடிட்டிருந்தது" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். எனக்கு அது மூன்றாவது வருடம். என் முடிவுகள் எதற்கும் வடை வந்ததில்லை.

அடுத்த மாதம் கல்லூரியில் கருத்தரங்கு. வெளியூரிலிருந்து ஒரு மூத்த பேராசிரியை வருகிறார். அவர் முன்னால் அவள் பேசுவது என்று முடிவானது.

ஈ பாட்டில்களைப் பராமரிப்பது என் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈக்களைப் புதுச் சாப்பாடு உள்ள பாட்டில்களுக்கு மாற்ற வேண்டும். அலமாரியின் மேல்தட்டில் கொஞ்சம், கீழ்த்தட்டில் கொஞ்சம். இரண்டும் ஒரே வம்சம் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். கருத்தரங்குக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மேல்தட்டு பாட்டில் ஒன்றில், கண்ணின் நிறம் வெளிறிய ஈ ஒன்றைப் பார்த்தேன். எங்கள் ஈக்களுக்குக் கண் செங்கல் நிறம். வேறு வம்சத்து ஈ எப்போதோ உள்ளே புகுந்து கலந்திருக்கிறது.

எனக்கு உடம்பு சில்லிட்டது. பயம் மட்டும் இல்லை. அவள் படிக்க வைத்த ஈக்கள் எல்லாம் மேல்தட்டிலிருந்து எடுத்தவை, படிக்காதவை கீழ்த்தட்டிலிருந்து எடுத்தவை என்பது அதே நொடியில் ஞாபகம் வந்தது.

மேல்தட்டு ஈக்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்தேன். கலப்பு இருக்கிறதா என்று பார்க்க எந்த மரபணுவை வேண்டுமானாலும் படித்துப் பார்த்திருக்கலாம். நான் எடுத்தது அவளுடைய மரபணுவை, அவளுடைய இடத்தை. ஐந்தாம் நாள் வரைபடம் வந்தது. ஒரிஜினலிலேயே, அதாவது டி.என்.ஏ.விலேயே, பச்சையும் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. நகலில் யாரும் எதையும் மாற்றவில்லை. கலந்துவிட்ட ஈக்களின் ஒரிஜினல் பத்திரத்திலேயே அங்கே ஜி இருந்தது. கீழ்த்தட்டில் கலப்பு குறைவு, அதனால் அங்கே முகடு குட்டை. படிப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவள் கண்டுபிடிப்பு முடிந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தப் படத்தை ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை திறந்து பார்த்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு துண்டுத் தாளில் ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி மெருகேற்றிக்கொண்டிருந்தேன். 'அதே ஈக்களின் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தீர்களா?' கருத்தரங்கில், எல்லோர் முன்னாலும், பின்வரிசையிலிருந்து எழுந்து மரியாதையாகக் கேட்பதாக இருந்தேன். பாட்டில் என் பொறுப்பு என்பதால் பழி என்மேலும் விழும் என்று தெரிந்துதான் இருந்தது. அவள் விழுவதைப் பார்க்க அந்த விலையைக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அவளாகவே கேட்டாள்.

"அக்கா, டி.என்.ஏ. பாக்காமலே பேசப் போறேனே. தப்பில்ல?"

தண்ணீர் குடித்தேன்.

"இந்த ஈயோட டி.என்.ஏ. எல்லாம் உலகம் பூரா படிச்சு வச்சிருக்காங்கல்ல? அந்த இடத்துல ஏ-ன்னுதான் இருக்கு. அது போதும். போட்டுக் கொழப்பிக்காத."

"போதுமாக்கா?"

"போதும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டாள்.

கருத்தரங்கு நாளன்று என் பேச்சு காலையில். யாருக்கும் ஞாபகம் நிற்காத ஒரு பேச்சு. டீ இடைவேளைக்குப் பிறகு அவள். டீ குடிக்கும்போது என் பக்கத்திலேயே நின்றாள். வழக்கமாகப் பேசிக்கொண்டே இருப்பவள் அன்று ஒன்றும் பேசவில்லை. பதற்றம் என்று நினைத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

மேடையேறினாள். முதல் படத்தைப் போட்டாள். உயரமான கறுப்பு முகடு, குட்டையான கறுப்பு முகடு. அவளுடைய ஆங்கிலம் தட்டித் தட்டித்தான் வரும். "இதைத்தான் சொல்ல வந்தேன். இது தப்பு. நேற்றுத்தான் தெரிந்தது" என்று ஆரம்பித்தாள். அடுத்த படம் டி.என்.ஏ. பச்சையும் கறுப்பும் இரட்டையாக. நான் ஒளித்து வைத்திருந்த அதே மலை, திரையில், ஆள் உயரத்துக்கு.

முன்வரிசையில் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் தெரியாது போலிருக்கிறது. என் கையிலிருந்த துண்டுத் தாள் ஈரமாகிவிட்டது.

எப்படித் தவறு நடந்தது, எந்தத் தட்டு, எந்த பாட்டில், படித்த ஈக்களையும் படிக்காதவற்றையும் ஒரே பாட்டிலிலிருந்து எடுக்காமல் விட்டது எப்படிப் பெரிய பிழை என்று இருபது நிமிடம் பேசினாள். "இந்த டி.என்.ஏ.வை எடுத்து வைத்திருந்தது அக்கா. அவங்க ட்யூப் இல்லையென்றால் இன்றைக்கு உங்கள் முன்னால் பொய் சொல்லியிருப்பேன்" என்று என் பெயரையும் சொன்னாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிலர் கைதட்டினார்கள்.

வெளியூர்ப் பேராசிரியை மைக்கை வாங்கினார். "பாட்டில்களைப் பராமரித்தது யார்?"

"நாங்க ரெண்டு பேரும், மேடம்" என்றாள் அவள்.

பேராசிரியை தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பிறகு சாரைப் பார்த்து, "இன்று நான் கேட்டதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு இதுதான்" என்றார்.

அதாவது, தோற்றும் அவளே ஜெயித்தாள். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது அது ஒன்றுதான். வெட்கமெல்லாம் பிறகு வந்தது.

அன்று மாலை பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு இருவரும் ஒன்றாகத்தான் வந்தோம். எனக்கு ஆவடி பஸ், அவளுக்கு அம்பத்தூர் பஸ். மெட்ரோ தூண் வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாம் தூசு. அவள் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கேக்காம உங்க பெட்டிலேர்ந்து ட்யூப் எடுத்துட்டேன்க்கா. சாரி" என்றாள்.

"எப்ப எடுத்த?"

"சாப்டுகினு பேசுனோமே, அன்னிக்கே. நீங்க போதும்னு சொன்னீங்க. எனக்கு மனசு ஒப்பல. புதுசா டி.என்.ஏ. எடுக்கலாம்னு ஃப்ரீசரத் தொறந்தேன். மேல்தட்டுன்னு எழுதி உங்க ட்யூப் இருந்துச்சு. நேரம் மிச்சம்னு அதையே எடுத்துகினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பக்கத்துல இன்னொண்ணும் இருந்துச்சு. என் மரபணு பேர் போட்டு."

என் கையெழுத்து. அதில் தேதியும் உண்டு. நான் எதையும் தேதி போடாமல் வைக்க மாட்டேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னிக்கு டீ குடிக்கற வரைக்கும் இருந்தேன்."

கிரேன் ஒன்று கத்திக்கொண்டே திரும்பியது. அது நிற்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம்தான். ஒரு வாரமா செம கோவம். ஊட்ல எங்கம்மாகிட்ட தேவையில்லாம கத்தினேன். தட்டத் தூக்கிப் போட்டேன்." துப்பட்டாவை இறக்கினாள். "இப்ப பசிக்குது."

"பாட்டில் பாத்துக்கிட்டது நான். ரெண்டு பேரும்னு ஏன் சொன்ன? எனக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்ல."

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "பொய் இல்லியே. உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க ஊருக்குப் போனப்ப நாந்தான மாத்தினேன்? என் கையிலயும் கலந்திருக்கலாம். எப்ப கலந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? தெரியாதத எப்டிக்கா உங்க தலைல போடறது?"

எனக்காக அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அவளை நேசித்திருப்பேன். குறைந்தபட்சம் அவளும் என் மட்டத்துக்கு ஒரு படி இறங்கினாள் என்று ஆறுதலாக இருந்திருக்கும். அவள் உண்மையை மட்டும்தான் சொல்லியிருந்தாள். என்னைக் காப்பாற்றுவது அவள் நோக்கமாகக்கூட இல்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். "பஸ் வந்துருச்சு" என்றேன். வந்தது என் பஸ்கூட இல்லை. ஏறிவிட்டு, கரையான்சாவடியில் இறங்கி வேறு பஸ் பிடித்தேன்.

அதன் பிறகு எல்லாப் பாட்டில்களையும் கொட்டிவிட்டு, புது வம்சம் வரவழைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம். என் ஈக்களும் அதே மேல்தட்டைச் சேர்ந்தவை என்பதால் எனக்கும் எட்டு மாதம் போனது. அவள் ஒரே பாட்டிலில் பிறந்த ஈக்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, பாதியைப் படிக்க வைத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். பழைய இடத்தில் ஒன்றுமே இல்லை. வேறோர் இடத்தில், ஒரிஜினலில் பச்சை மட்டும் நிற்க, நகலில் கறுப்பு முகடு ஒன்று லேசாகத் தலை காட்டியது. படித்த ஈக்களில் ஒரு மயிரிழை உயரம். அதை வைத்து அவள் எழுதிய ஆய்வேட்டில் 'இருக்கலாம்' என்ற சொல்லுக்காகச் சாரோடு ஒரு மாதம் சண்டை போட்டாள். சார் 'இருக்கிறது' என்று போடச் சொன்னார். கடைசிவரை 'இருக்கலாம்'தான்.

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அழகான நாலு வாக்கியம் வந்து விழுந்தது. தேர்வாளர் தலையாட்டினார். நான் டாக்டர் ஆனேன். கடைசி வரிசையில் அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.

இப்போது நான் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஈக்களை விட்டுவிட்டு எலிகளுக்குப் போய்விட்டாள். கேள்வி மட்டும் அதேதான். நகலில் மாறும் எழுத்துக்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு. புத்தாண்டுக்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்தி அனுப்புவாள். நான் ஒரு பூ படம் அனுப்புவேன்.

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பத்திரிகைக்கு அனுப்புமுன் என்று முப்பத்துநான்கு பக்கக் கட்டுரை. மேலே தமிழில் நாலு வரி. 'அக்கா, இங்க நாலு பேர் பாத்துட்டாங்க. நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. அது போதல. நீங்க பாத்தா தப்பு தெரியும். டி.என்.ஏ.ல அந்த ரெட்டை முகட்டை என்னைவிட முன்னாடி பாத்தவங்க நீங்கதான்.'

கிண்டலா என்று மூன்று தடவை படித்தேன். கிண்டல் இல்லை. அவளுக்கு அது வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்காமல் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். நன்றாக இருந்தது. படிக்கப் படிக்கப் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துத் தேடினேன். நான்காவது படத்தில் கிடைத்தது. பன்னிரண்டு எலிகள் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் எண்ணினால் புள்ளிகள் பதினொன்றுதான். திரும்ப எண்ணினேன். பதினொன்று.

உடம்பெல்லாம் ஒரு துள்ளல். வெகு நாளைக்குப் பிறகு அப்படிச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்துவிடலாம், அந்தப் பத்திரிகைக்காரர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அதுவும் எனக்குத் தெரிந்த குரல்தான். அது இரண்டாவது வார்த்தை பேசுவதற்குள் எழுதி அனுப்பிவிட்டேன். அவசரத்தில் எழுத்துப்பிழைகளோடு போனது.

அவளுக்கு அங்கே விடிந்திருக்காது என்று நினைத்தேன். ஐந்தே நிமிடத்தில் குரல் செய்தி வந்தது.

"யக்கா! ஐயோ, ஆமாக்கா! ஒரு எலி நடுவுலயே செத்துப்போச்சு. படத்துலேர்ந்து எடுத்தேன், கீழ எழுதுனத மாத்தல. நாலு பேர் பாத்தாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல பாருங்க! எனக்குத் தெரியும், நீங்க புடிப்பீங்கன்னு!" பிறகு அவள் சிரித்த சிரிப்பு. பின்னால் யாரையோ எழுப்பி, ஆங்கிலத்தில், தப்பு கிடைத்துவிட்டது என்று சொல்வதும் கேட்டது.

தப்பைக் கண்டுபிடித்தது நான். அந்தச் சந்தோஷமாவது எனக்கே எனக்கென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். செய்தியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். என்னைவிட அவள்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டிருந்தாள்.